மாடல் சொன்னால் மழை வருமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அந்தியூர் வாசகி ஒருவர், "இனிமேல் சித்திரை ராத்திரியில் வாசலில் கட்டில் போட்டுப் படுக்கவே முடியாதா?" என்று கேட்டிருந்தார். காலநிலை மாடல்கள் (காற்று, கடல், வெயில் எல்லாவற்றையும் இயற்பியல் சூத்திரங்களாகக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் கணக்குகள்) சொல்வதைக் காட்டி, வரவர அது கஷ்டம்தான் என்று எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் என்னோடு சண்டை. கம்ப்யூட்டர் சொல்வதை எப்படி நம்புவது என்பதே எல்லாருடைய கேள்வியும். எனவே போர்வெல் தண்ணீரின் உப்பு, தேனீப்பெட்டி மாதிரியான மாமூல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்தச் சண்டைக்கு மட்டும் இடம் ஒதுக்குகிறேன்.

புதிய வாசகர்களுக்காக: நான் கோவையில் ஒரு வேளாண் வானிலைக் கூடத்தில் வெப்பமானி பார்த்து ஓய்வு பெற்றவன். மாடல் எழுதியவன் இல்லை. மாடல்காரர்கள் கேட்கும் கணக்கை நோட்டில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவன்.

*

அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் ஓர் அறிக்கையை அனுப்பியிருக்கிறான். அந்த நாட்டு அரசாங்கமே வெளியிட்டதாம். காலநிலை மாடல்கள் வெப்பத்தைக் கூட்டிக் காட்டுகின்றன என்று ஐந்து ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். என் மருமகனோ எண்பது, தொண்ணூறு விஞ்ஞானிகள் சேர்ந்து எழுதிய மறுப்பை அனுப்புகிறார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே அக்கப்போர். நான் யார் பக்கம் நிற்பது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெருந்துறை

அறிக்கை உண்மையானதுதான். 2025 ஜூலையில் அமெரிக்க எரிசக்தித் துறை வெளியிட்டது. எழுதிய ஐவரில் ஜான் கிறிஸ்டியும் ராய் ஸ்பென்சரும் அலபாமா மாநிலத்தில் செயற்கைக்கோள் பதிவுகளை வைத்து வளிமண்டல வெப்பத்தைப் பல பத்தாண்டுகளாகக் கணக்கிட்டு வருபவர்கள். துறை தெரியாதவர்கள் என்று அவர்களைத் தள்ள முடியாது. மறுப்பு எழுதிய 85க்கும் மேற்பட்டவர்களும் துறைக்காரர்களே. ஐந்தா, எண்பத்தைந்தா என்று தலையை எண்ணித் தீர்ப்புச் சொல்வது ஊராட்சித் தேர்தலுக்குச் சரிங்க, இதற்கு ஆகாது. என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

காற்றில் கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும்? மாடல்களைப் பற்றிய சண்டையில் பாதி இந்த ஓர் எண்ணைச் சுற்றித்தான். 1979ல் அமெரிக்காவில் சார்னி என்ற வானிலை விஞ்ஞானியின் தலைமையிலான குழு 1.5 முதல் 4.5 டிகிரி வரை என்றது. ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் கடைசி அறிக்கைக்காக உலகம் முழுவதும் ஓட்டிய மாடல்களில் சில 5 டிகிரியையும் தாண்டிப் போயின. அந்தக் குழு அவற்றை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. அளந்த வெப்பத்தோடும், பனியுகக் காலத்துத் தடயங்களோடும் ஒப்பிட்டு 2.5 முதல் 4 வரை, பெரும்பாலும் 3 என்று 2021ல் எழுதியது. ஆகவே சில மாடல்கள் கூடுதலாகச் சூடு காட்டுகின்றன என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதை முதலில் வெளியே சொன்னவர்களே மாடல் கட்டியவர்கள்தான். உங்கள் அக்கா மகன் அதை ஏதோ மறைத்து வைத்த ரகசியம் போல அனுப்பியிருந்தால், 2021 அறிக்கையை அவன் படிக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்றையும் அவனிடம் கேளுங்கள். மாடலை விடுங்கள், கருவி பொய் சொல்லாது என்பது இந்தத் தரப்பின் பழைய வாதம். 1990ல் கிறிஸ்டியும் ஸ்பென்சரும் செயற்கைக்கோள் கணக்கை வெளியிட்டபோது, பத்தாண்டில் வெப்பம் கூடிய அறிகுறியே இல்லை என்றிருந்தது. மாடல்கள் கூடுகிறது என்றன. மாடல்தான் பொய் என்று பேச்சு பரவியது. 1998ல் வென்ட்ஸ் என்பவரின் குழு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தது: செயற்கைக்கோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக உயரம் இறங்கிக்கொண்டிருந்தன, அதைக் கணக்கில் சேர்க்காததால் வெப்பம் குறைந்ததாகத் தெரிந்தது. 2005ல் இன்னொரு பிழை அகப்பட்டது. செயற்கைக்கோள் ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் வருடாவருடம் நகர்கிறது. அந்த நேர வித்தியாசத்துக்குப் போட்ட திருத்தம் தலைகீழாகப் போடப்பட்டிருந்தது. இருவரும் அந்தத் திருத்தங்களை ஏற்றார்கள், அது அவர்கள் நேர்மை. திருத்திய பிறகு அவர்கள் கணக்கிலும் வெப்பம் ஏறியது.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் கூடத்தில் வெள்ளைப் பெட்டிக்குள் படுக்கைவசமாக ஒரு குறைந்தபட்ச வெப்பமானி இருக்கும். உள்ளே பாதரசத்துக்குப் பதில் சாராயம், அதில் ஒரு சின்னக் கண்ணாடி ஊசி. ராத்திரி குளிரும்போது சாராயம் சுருங்கி ஊசியை இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். காலை 7.22க்கு ஊசியின் முனை நிற்கும் இடத்தைப் படித்து எழுத வேண்டும். (7.22 என்ன கணக்கு என்று கேட்பீர்கள். கோவைக்குச் சூரியன் சொல்லும் 7 மணி அதுதான்.) பங்குனி வெயிலில் சாராயம் கொஞ்சம் ஆவியாகிக் குழாயின் மறுகோடியில் துளியாக ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு வெப்பமானி ஒரு டிகிரி, இரண்டு டிகிரி குறைத்துக் காட்டும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு வெப்பமானியோடு ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும். பிறகு குண்டு கீழே இருக்கும்படி பிடித்து உதறி, துளியைச் சேர்த்துவிட வேண்டும். கருவியையும் சந்தேகப்பட்டே வேலை பார்த்தோம், கணக்கையும் சந்தேகப்பட்டோம். ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்த்தோம்.

குடும்பக் குரூப்பில் நீங்கள் யார் பக்கமும் நிற்க வேண்டியதில்லை. "எந்த மாடல், எந்தக் கேள்விக்கு?" என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். ஒரு வாரத்துக்குச் சத்தம் இருக்காது.

*

1970களில் இதே விஞ்ஞானிகள் பனியுகம் வரப்போகிறது என்று பயம் காட்டினார்களே, மறந்துபோச்சா?
– கொறங்காட்டு விவசாயி, காங்கேயம்

பத்திரிகைகள் அப்படி எழுதின, உண்மைதான். ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பின்னாளில் ஒரு குழு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. 1965 முதல் 1979 வரை வந்தவற்றில் குளிரும் என்றவை 7, சூடாகும் என்றவை 44. மிச்சம் எந்தப் பக்கமும் சாயாதவை. அந்த 7ஐ அட்டைப்படமாகப் போட்டது எங்கள் தொழில் இல்லை, இந்தப் பத்திரிகைத் தொழில்.

இமயமலைப் பனி 2035க்குள் கரைந்துவிடும் என்று ஐ.பி.சி.சி. 2007ல் எழுதி, 2010ல் தவறு என்று ஒப்புக்கொண்டதையும் கடிதத்தின் கீழே குறித்திருக்கிறீர்கள். வெட்கக்கேடான பிழை. ஆனால் அது எந்த மாடலும் போட்ட கணக்கில்லை. சரிபார்க்காத ஓர் அறிக்கையிலிருந்து எடுத்துப்போட்ட வரி.

*

நாளைக்கு மழை வருமா என்பதையே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. 2050ல் என்ன ஆகும் என்று சொல்வதை நம்ப நாங்கள் என்ன ஏமாளிகளா?
– ஸ்பின்னிங் மில் மேஸ்திரி, பல்லடம்

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். எந்த ஸ்பிண்டிலில், எத்தனை மணிக்கு நூல் அறும் என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் ஹாலில் ஈரப்பதம் இறங்கினால் இந்த ஷிப்டில் அறுப்பு கூடும், அறுந்த நூலை ஒட்டும் சைடர் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். நாளைய மழை முதல் வகைக் கேள்வி. 2050ன் சராசரி வெப்பம் இரண்டாவது வகை. முதலாவதற்கு ஓர் எல்லை உண்டு என்று எட்வர்ட் லோரன்ஸ் என்ற வானிலை விஞ்ஞானி 1960களிலேயே காட்டிவிட்டார்: தொடக்கத்தில் இம்மியளவு வித்தியாசம் இருந்தாலும் இரண்டு வாரத்துக்குள் வானிலை வேறு திசைக்குப் போய்விடும்.

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது பருவமழை முன்னறிவிப்பு. உங்கள் கோபம் அதன் மேல் என்றால் எனக்கும் உடன்பாடு. 2002ல் தென்மேற்குப் பருவமழை இயல்பை ஒட்டி 101 சதவீதம் என்று வானிலைத் துறை சொன்னது, பெய்தது 81. 2009 ஏப்ரலில் 96 என்றார்கள், ஜூனில் 93 என்று குறைத்தார்கள், பெய்தது 78. அதன்பிறகு முறைகள் எவ்வளவோ மாறிவிட்டன. இருந்தாலும் அடி வாங்கியவன் மறப்பதில்லை. மழையை நம்பி விதைத்தவன் எவனும் 2009ஐ மறக்க மாட்டான்.

*

ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் நடக்கப்போவதைச் சொல்லும் மாடல் சரியா தப்பா என்று பார்க்க ஐம்பது வருஷம் காத்திருக்க வேண்டுமே சார்? அதுவரை அது வெறும் ஜோசியம்தானே?
– பி.எஸ்சி. இயற்பியல் மாணவி, திருப்பூர்

நல்ல கேள்வி, அம்மிணி. காத்திருந்தாகிவிட்டது என்பதுதான் பதில்.

சுகுரோ மனாபே என்ற ஜப்பானியர் அமெரிக்காவில் வெதரால்டோடு சேர்ந்து 1967ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் கையில் இருந்த கம்ப்யூட்டர் இன்று உங்கள் போனுக்குக் கால்தூசு பெறாது. முழுப் பூமியையும் அதில் போட முடியாது என்பதால், தரையிலிருந்து வானம் வரை காற்றின் ஒரே ஒரு தூணை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். கரியமில வாயு இரட்டித்தால் தரை 2 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் சூடாகும் என்று வந்தது. கூடவே விசித்திரமாக இன்னொன்றும் வந்தது: தரை சூடாகும்போது, மேலே அடுக்குமண்டலம் என்ற உயரக் காற்றடுக்கு குளிரும். அன்றைக்கு அதைச் சரிபார்க்கும் அளவுக்கு நீண்ட பதிவு இல்லை. பிறகு பலூனும் செயற்கைக்கோளும் அளந்தன. கீழே சூடு, மேலே குளிர். வெப்பத்துக்குக் காரணம் சூரியன் என்றால் மேலேயும் சூடாகியிருக்க வேண்டும். 2021ல் மனாபேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் நீங்கள் படிக்கும் இயற்பியலுக்கு.

இரண்டாவது, 1988ல் அமெரிக்க செனட்டில் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் வைத்த கணக்கு. எதிர்த்தரப்பு இன்றைக்கும் எடுத்துக் காட்டுவது இதைத்தான், அதில் நியாயமும் உண்டு. அவர் வைத்த மூன்று கணிப்புகளில் நடுக் கணிப்பை விட உலகம் குறைவாகவே சூடானது. காரணம் இரண்டு. அவர் மாடல் இரட்டிப்புக்கு 4.2 டிகிரி என்று சற்றுக் கூடுதலாகவே துடித்தது. இன்னொன்று, ஃப்ரிட்ஜில் போடும் குளிரூட்டி வாயுக்கள் பெருகிக்கொண்டே போகும் என்று அவர் வைத்த அனுமானம். ஓசோன் படலத்தைக் காக்க நாடுகள் போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தம் அதைத் தடுத்துவிட்டது. மனிதர்கள் எவ்வளவு வாயு விடுவார்கள் என்பது இயற்பியல் இல்லை, அரசியல். அதைத் தனியே பிரித்துவிட்டு மாடலுக்கு மார்க் போடுவதுதான் முறை. காலநிலை ஆய்வாளர் ஜீக் ஹவ்ஸ்ஃபாதரும் கூட்டாளிகளும் அதைச் செய்தார்கள். 1970 முதல் 2007 வரை வெளியான 17 கணிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். நேராக ஒப்பிட்டால் 10 தேறின. வாயுக் கணக்கின் வித்தியாசத்தைச் சரிசெய்தால் 14.

இன்னும் ஒன்று. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்துக் கந்தகப் புகை வானத்தை மூடியது. அதே ஹான்சன் குழு, உலகம் அரை டிகிரி போலக் குளிரும் என்று 1992 தொடக்கத்திலேயே அச்சில் ஏற்றிவிட்டது. அப்படியே குளிர்ந்தது, புகை அடங்கியதும் பழையபடி ஏறியது. நடப்பதற்கு முன்னால் தேதி போட்டுச் சொல்லி, நடந்த பின் ஒப்பிட்டுப் பார்க்க இடம் கொடுத்தால் அதை ஜோசியம் என்று நான் சொல்ல மாட்டேன்.

எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1970களின் கடைசியிலிருந்து போட்டுவைத்திருந்த கணிப்புகளும் பெரும்பாலும் சரியாகவே இருந்தன என்று 2023ல் ஓர் ஆய்வு காட்டியது. வெளியே வேறு பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

*

எங்கள் வீட்டில் சித்திரை முதல் நாள் பஞ்சாங்கம் படிப்போம். இத்தனை மரக்கால் மழை என்று அதில் இருக்கும். அதற்கும் உங்கள் மாடலுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?
– அவினாசி

எங்கள் வீட்டிலும் படிப்போம், விளக்கேற்றி வைத்துத்தான் படிப்போம். போன வருஷப் பஞ்சாங்கம் சொன்ன மரக்காலை, பெய்த மழையோடு வைத்து யாராவது ஒப்பிட்டு எழுதி வெளியிட்டதைப் பார்த்திருக்கிறீர்களா?

*

ஆனைமலை பக்கம் பன்னிரண்டு ஏக்கர் தென்னை. பழைய மரங்களை எடுத்துவிட்டுப் புதிதாக நெட்டை வைக்க ரோசனை. ஒரு கன்சல்டன்ட் வந்து, 2050ல் எங்கள் வட்டாரத்தில் மழை 11 சதவீதம் கூடும் என்று கலர் கலராக மேப் காட்டினார். தைரியமாக வையுங்கள் என்கிறார். பையன் அதெல்லாம் டுபாக்கூர் என்கிறான். முட்டுவழிச் செலவு பெரிசுங்க. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– தென்னை விவசாயி, ஆனைமலை

பையன் சொல்வது முக்கால்வாசி சரி. மாடல் டுபாக்கூர் இல்லை. அந்த மேப் அதற்குச் சொல்லத் தெரியாததை அதன் வாயில் திணிக்கிறது.

உலகம் தழுவிய மாடல் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. பெரும்பாலான மாடல்களில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 100 கிலோமீட்டர். உங்கள் தோட்டத்தை நடுவில் வைத்து அப்படி ஒரு கட்டம் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டிலேயே அதிகம் நனையும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லார் அதற்குள் வரும். மழை மறைவில் காய்ந்து கிடக்கும் உடுமலைப் பக்கமும் வரும், கோவையும் வரும், பாலக்காடும் வரும். இத்தனைக்கும் சேர்த்து மாடலுக்கு ஒரே மழை, ஒரே உயரம். பாலக்காட்டுக் கணவாயின் அகலம் 30 கிலோமீட்டர் சுமாருக்குத்தான். 100 கிலோமீட்டர் கட்டத்தில் அந்தச் சந்து இருப்பதே தெரியாது. ஆடி மாதம் உடுமலை, பல்லடம் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று அந்தச் சந்து வழியாகத்தான் வருகிறது. நம்ம ஊரின் வானிலையே அந்த ஓட்டையை நம்பி இருக்கிறது. மாடலின் மலையில் ஓட்டை இல்லை. மலையும் மலையாக இல்லை, இரண்டு பக்கமும் சரிந்து படுத்த ஒரு மேடு.

அதற்குத்தான் சின்னக் கட்டமாக இறக்கும் முறைகள் இருக்கின்றன என்று கன்சல்டன்ட் சொல்வார். இருக்கின்றன, பயனும் உண்டு, மலை மலையாகத் தெரியும். ஆனால் பெரிய மாடல் பருவக்காற்றைத் தவறாக அனுப்பினால், சின்னக் கட்டம் அந்தத் தவற்றைத்தான் துல்லியமாக வரைந்து காட்டும்.

பெரிய மாடல்களுக்கு இந்தியப் பருவமழை இன்றும் பலவீனமான பாடம். பல மாடல்களில் நடு இந்தியாவில் பெய்ய வேண்டிய மழை குறைவாகவும், கடல் மேல் கூடுதலாகவும் பெய்கிறது. மேகம் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் சமாச்சாரம், 100 கிலோமீட்டர் கட்டத்துக்குள் அதைத் தோராயச் சூத்திரமாகத்தான் நுழைக்க முடியும். இன்னொரு வேடிக்கை பாருங்கள். சூடான உலகில் பருவமழை கூடும் என்று மாடல்கள் சொல்லிவந்தன. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கைப்படி 1951 முதல் 2015 வரை தென்மேற்குப் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்திருக்கிறது. குறிப்பாகக் குறைந்த இடங்கள் கங்கைச் சமவெளியும் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையும். காற்றில் கலந்த புகையும் தூசியும் வெயிலை மறைத்தது ஒரு முக்கியக் காரணம் என்று அதே அறிக்கை சொல்கிறது. புகை குறைந்தால், வெப்பம் கூடக்கூட மழையும் கூடும் என்பது இப்போதைய எதிர்பார்ப்பு. எப்போது, எவ்வளவு, ஆனைமலையிலா ஆந்திராவிலா என்றெல்லாம் போனால் மாடலுக்கு மாடல் பதில் மாறுகிறது. அந்த இடத்தில் 11 சதவீதம் என்று முழு எண்ணாகச் சொல்கிறவர் தன் பீஸுக்காகச் சொல்கிறார்.

அப்படியானால் எதை நம்பி நடுவது? மாடல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் விஷயங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெப்பம் ஏறும், ராத்திரியிலும் ஏறும். ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைப் பிடிக்கும். ஆகவே மரமும் மண்ணும் அதிகத் தண்ணீர் கேட்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். மொத்த மழை கூடுமா குறையுமா என்பதை விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: 2016 திரும்பி வந்தால் உங்கள் கிணறு தாங்குமா? அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் பொய்த்தது. அதற்குப் பின் உங்கள் பக்கம் மொட்டையாக நின்ற மரங்களை நான் பார்த்தேன், நீங்கள் கூடவே இருந்து பார்த்திருப்பீர்கள். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்காலில் தண்ணீர் வராத ஒரு வருஷத்தில் எத்தனை மரத்துக்கு உங்களால் தண்ணீர் விட முடியுமோ அத்தனை மரம் வையுங்கள். பன்னிரண்டு ஏக்கரையும் ஒரே வருஷத்தில் மாற்ற வேண்டாம். சொட்டுநீர் போடுங்கள், ஆறடி வட்டப்பாத்தியில் மட்டையும் நார்க்கழிவும் போட்டு மூடி வையுங்கள். மழை கூடினாலும் குறைந்தாலும் இதில் நஷ்டமில்லை.

கன்சல்டன்ட் மறுபடி வந்தால், எத்தனை மாடல்களை எடுத்தார், அதில் எத்தனை மழை குறையும் என்று சொல்லின என்று மட்டும் கேளுங்கள்.

*

எங்கள் பனியன் கம்பெனியிடம் ஐரோப்பிய பையர் ஒரு படிவம் கேட்கிறார். 2050ல் எங்கள் யூனிட் இருக்கும் இடத்தில் வெள்ள அபாயம் எத்தனை சதவீதம் என்று இரண்டு தசம இடத்துக்கு எழுத வேண்டும். ஒரு வெப்சைட் அதைக் காசுக்குக் கொடுக்கிறது. வாங்கலாமா?
– காம்ப்ளையன்ஸ் மேனேஜர், திருப்பூர்

ஆர்டர் போய்விடும் என்றால் வாங்கித் தொலையுங்கள். ஆனால் யூனிட்டின் பத்திரத்தை எடுத்து, நொய்யலிலிருந்தும் பக்கத்து ஓடையிலிருந்தும் எத்தனை அடி தூரம், எத்தனை அடி உயரம் என்று பாருங்கள். முப்பது வருஷமாக அங்கே குடியிருக்கும் யாரையாவது பிடித்து, தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கோடு போடச் சொல்லுங்கள். ஜெனரேட்டரையும் நூல் ஸ்டாக்கையும் அந்தக் கோட்டுக்கு மேலே ஏற்றுங்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இரண்டு எண்கள் பையரின் ஆடிட்டருக்கு.

*

இதெல்லாம் வெள்ளைக்காரன் மாடல். நம்ம நாட்டில் எவனும் இதைக் கட்டவில்லையா?
– கோபி

கட்டியிருக்கிறார்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் மாடல், ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கைக்கான உலக மாடல் வரிசையில் சேர்ந்தது. அந்த வரிசையில் இடம்பிடித்த முதல் இந்திய மாடல் அது. பருவமழையைச் சரியாகப் பிடிப்பதை முக்கியக் குறியாக வைத்துக் கட்டியது. அதுவும் உலகம் சூடாகும் என்றுதான் சொல்கிறது.

*

எங்கே மாடல் தோற்கிறது என்று நீங்கள் வாயைத் திறந்து சொல்வதே இல்லை. மேகம், கட்டம் என்று மழுப்புகிறீர்கள். சூடாகும் கணக்கிலேயே ஒரு தோல்வியைச் சொல்லுங்கள். எது நடந்தால் நீங்கள் கட்சி மாறுவீர்கள்?
– வழக்கறிஞர், தாராபுரம்

குறுக்கு விசாரணை நடக்கட்டும்.

தோல்வி ஒன்று: பசிபிக் பெருங்கடல். அதன் கிழக்குப் பக்கம் மேற்கை விட வேகமாகச் சூடாக வேண்டும் என்று பெரும்பாலான மாடல்கள் சொல்லிவந்தன. சில பத்தாண்டுகளாக நடப்பது ஏறக்குறைய எதிர்மாறு, கிழக்கு பெரிதாகச் சூடாகவே இல்லை. இது சும்மா புள்ளிவிவரச் சண்டை இல்லை. பசிபிக்கின் கிழக்குப் பக்கம் வழக்கத்தை விடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை நமக்குப் பெரும்பாலும் கை கொடுக்கும், தென்மேற்கு காலை வாரும். பசிபிக்கின் போக்கையே மாடல் தப்பாகப் பிடிக்கிறது என்றால், தாராபுரத்தில் ஐப்பசி மழை என்ன ஆகும் என்று அது சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது? நான் எடுத்துக்கொள்வதில்லை.

தோல்வி இரண்டு: 2023. அந்த ஆண்டு வெப்பம் எகிறியது, தொடக்கத்தில் கணித்தவர்கள் யாரும் அவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நாசாவின் காலநிலைப் பிரிவுத் தலைவர் கேவின் ஷ்மிட், எங்களால் முழுதாக விளக்க முடியவில்லை என்று 2024 மார்ச்சில் வெளிப்படையாகவே எழுதினார். கப்பல் எரிபொருளில் கந்தகத்தைக் குறைத்ததா, தாழ்ந்த மேகங்கள் குறைந்ததா என்று விவாதம் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் வக்கீல் சார், இந்தத் தோல்வி உங்கள் கட்சிக்காரருக்கு உதவாது. இதில் கணிப்பு குறைவு, நடந்தது கூடுதல். மாடல் தப்பு என்றாலே பயம் வேண்டாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்பவர்கள், தப்பு இரண்டு பக்கமும் போகும் என்பதை மட்டும் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

கட்சி மாறுவது பற்றி: வாயு இதே வேகத்தில் ஏறிக்கொண்டிருக்க, பெரிய எரிமலை எதுவும் வெடிக்காமல், கடலின் மொத்த வெப்பம் பத்து வருஷம் ஏறாமல் நின்றால் மாறுவேன். அடுக்குமண்டலம் குளிர்வதை நிறுத்திவிட்டுச் சூடாகத் தொடங்கினாலும் மாறுவேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். உங்கள் தரப்பும் இதே மாதிரி ஒன்று எழுதித் தரட்டும்.

*

வீட்டிலேயே மழைமானி வைத்து அளக்க ஆசை. எங்கே வைப்பது, எப்போது அளப்பது?
– கைத்தறி நெசவாளர், சென்னிமலை

திறந்த வெளியில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அதன் வாய் மட்டமாக இருக்கும்படி பதியுங்கள். பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால், அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அளந்து, முந்தைய 24 மணி நேரத்து மழையை அன்றைய தேதியில் எழுதுங்கள். மழை இல்லாத நாளில் வெற்றிடம் விடாமல் பூஜ்யம் என்று எழுத வேண்டும். ஊருக்குப் போனால் வீட்டில் யாரையாவது எழுதச் சொல்லிவிட்டுப் போங்கள். மொட்டை மாடியில் வைக்க வேண்டாம், அங்கே காற்று அடித்து அளவு குறையும்.